முரசுக்காரரின் எச்சில்

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று பள்ளிவாசல் பின்கட்டில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர் வர்தோயோ. பக்கத்து வீட்டுத் துமிரா. இமாமின் மனைவி மர்ஃபுவா அக்கா. அத்தர், தொப்பி, தஸ்பீஹ் மணி, மூலிகை எல்லாம் விற்கிற ஹாஜி முக்தாரோம் (யாரும் அழைக்கவில்லை, முன்வரிசையில் உட்கார்ந்தார்). பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் ரத்ரி. குர்ஆன் ஓதும் குழுப் பெண்கள் பதினொரு பேர், அதில் மூன்று பேர் தேநீருக்காக மட்டும். கூட்டத்தில் தூங்கியவர் ஒருவர். பெயர் எழுத மாட்டேன். ஆனால் அவர் கணவர்தான் இந்தப் பள்ளிவாசலின் இமாம்.

வந்த விஷயம் இது: டாக்டருக்கு எங்கள் எச்சில் வேண்டுமாம்.

ஜாவாவில் எங்கள் சோலோ நகரத்தின் இந்த மூலைக்கு வந்தவர்கள் எங்களிடம் இரத்தம் கேட்டிருக்கிறார்கள், ஓட்டுக் கேட்டிருக்கிறார்கள், மன்னிப்புக்கூட ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். எச்சில் கேட்டு யாரும் வந்ததில்லை.

சிறுநீரகம் இரண்டின் தலையிலும் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். விடியற்காலையில் அது கார்ட்டிசால் என்று ஒன்றை உடம்புக்குள் விடும், அதுதான் ஆளை எழுப்பும். கவலை வந்தால் ஏறும், சண்டை வந்தால் ஏறும், ராத்திரி இறங்கும். ஊசியைக் காட்டினாலே ஏறிவிடும் என்பதால் இரத்தத்தைவிட எச்சில் நல்லது. நோன்பு மாதத்தில் தூக்கமும் சாப்பாடும் தலைகீழாகும்போது அந்த ஏற்ற இறக்கம் என்ன ஆகிறது? இதைக் கண்டுபிடிக்கத்தான் ரமலானுக்கு முன் ஒருதடவை, ரமலானில் ஒருதடவை நாங்கள் துப்ப வேண்டும்.

"சண்டை வந்தா ஏறுமா டாக்டரம்மா? என் மாமியார் வர்ற அன்னிக்கு வாங்க. குழாய் என்ன, குடமே நிறைச்சுத் தர்றேன்" என்றாள் துமிரா.

படிவத்தில் ஒரு கேள்வி: ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா? வரிசையாக எல்லாரும் "இல்லை." சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்தது எங்களுக்கு. இவரும் "இல்லை." நானும் "இல்லை."

இவரைச் சேர்த்தது என் யோசனை. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு ஊரை எழுப்பப் பள்ளிவாசல் முரசை அடிப்பவர் இவர்தான். ஊரை எழுப்புகிறவர் உடம்பில் என்ன எழுப்புகிறது என்று டாக்டருக்கும் தெரியட்டுமே. தவிர, ஆள் பார்க்க நன்றாக இருக்கிறார். இரண்டு வருஷமாக முகம் உருண்டு, கன்னம் பளபளத்து, பஞ்சர் கடைக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "உன் கை ருசி அக்கா" என்று பெண்கள் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை.

குழாய்கள் என் பொறுப்பு. குழுவின் கணக்கை நான் எழுதுவதாலும், என் வீட்டு உறைபெட்டி பெரியது என்பதாலும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு ஆராய்ச்சியில் பதவி. அல்ஹம்துலில்லாஹ்.

பிப்ரவரி 25, செவ்வாய்

துப்பும் நாள்.

எழுந்ததும் ஒன்று, மதியம் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. பல் துலக்கக் கூடாது, வாயில் எதுவும் படக் கூடாது. காறித் துப்பவும் கூடாது; தலையைக் குனிந்து, ஊறுவதைச் சின்னக் குழல் வழியாகத் தானாக வழிய விட வேண்டும். அதாவது கைக்குழந்தை செலவில்லாமல் செய்கிற காரியம்.

இவருக்குக் காலையில் ஊறவே இல்லை. புளிப்பு மாங்காயை நினைக்கலாம், தின்னத்தான் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள்.

"மாங்காயை நினைங்க."

"நினைச்சேன். மாங்காயை நினைச்சா மரம் ஞாபகம் வருது. மரம்னா அதுலேர்ந்து விழுந்தது ஞாபகம் வருது. தோள்தான் வலிக்குது, எச்சில் வரல."

கடைசியில் எதிரே உட்கார்ந்து நானே மாங்காய் தின்பதுபோல் நடித்தேன். நாக்கைக்கூடச் சப்புக்கொட்டினேன். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் கழித்து ஒரு பெண் செய்ய வேண்டிய வேலை!

உறைபெட்டியில் மீன் ஒரு பக்கம், ஊர் எச்சில் ஒரு பக்கம், நடுவில் வாழையிலை வேலி. வரவு: முப்பத்தாறு குழாய். ஒன்று இறால் பக்கம் கசிந்தது. இறாலைத் தூக்கிப் போட்டேன். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது? ஆராய்ச்சிச் செலவு என்று எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

ஹாஜி முக்தாரோம் உம்ராவுக்குப் போகிறார். ரமலான் முழுக்க மக்காவில்தானாம். தெருவே வழியனுப்பப் போனது. தன் கடைக்கு இவரே பூட்டுப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார் ஹாஜி. பூட்டியதும் எல்லார் முன்னாலும் இவர் கன்னத்தைத் தட்டினார்.

"பாருங்கப்பா இந்த முகத்தை! பௌர்ணமி!"

என் தேங்காய்ப்பால் குழம்பைத்தான் பாராட்டுகிறார் என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன்.

மார்ச் 1, சனி

முதல் நோன்பு. முரசு நேரத்துக்கு விழுந்தது. அந்தச் சத்தத்துக்கும் எழாதவர் ஒருவர்தான்: துமிராவின் கணவர்.

மார்ச் 4, செவ்வாய்

டாக்டர் ரத்ரி போன் செய்தாள். முதல் தட்டுக் குழாய்களைப் பார்த்துவிட்டார்களாம். அதில் என்னுடையதும் இவருடையதும் இருந்தன. என்னுடையது பாடப் புத்தகத்தில் போடலாம் போல ஏறி இறங்குகிறதாம். (கண்ணாடி முன் நின்று சற்று நேரம் பார்த்துக்கொண்டேன்.)

"ஐயாவோடதுதான்மா புரியல. காலைல உச்சியில இருக்கணும். அவருக்கு ஒண்ணுமே இல்ல. காலை, மதியம், ராத்திரி, எல்லாம் தரையோட தரை. குழாயில தண்ணி கிண்ணி ஊத்திட்டாரா?"

தண்ணியா! என் பொறுப்பில் இருக்கிற குழாயிலா? சந்தையில் பால்காரனிடம் கேட்கிற கேள்வியை என் புருஷன் எச்சிலைப் பார்த்துக் கேட்கிறாள்!

"டாக்டரம்மா, நான் கண்ணால பார்த்தேன். ஒவ்வொரு சொட்டும் அவருதுதான்."

"கோவிச்சுக்காதீங்க. ஒருதடவை திரும்ப எடுத்துடுங்க."

நோன்பில் கோபம் கூடாது. மனதுக்குள் மூன்று தடவை கோபித்துக்கொண்டேன், பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். டாக்டரிடம் அல்ல.

மார்ச் 6, வியாழன்

திரும்பத் துப்பினார். நோன்பு வைத்துக்கொண்டு இப்படிக் குழாயில் ஒழுகவிடலாமா என்று எனக்கு ஓர் உறுத்தல். மர்ஃபுவா அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"துப்பினாலும் முறியாது, அவனவன் எச்சிலை அவனவன் முழுங்கினாலும் முறியாது. நீயும் துமிராவும் சுவரோரமா நின்னு பேசுறீங்களே, அதுலதான் நன்மையெல்லாம் ஒழுகுது" என்றாள். சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தவள் அப்படியே கண்ணை மூடிவிட்டாள். காலை பத்து மணி.

மூன்று குழாய்க்கும் நானே காவல். கண் இமைக்கவில்லை. "இப்படி முறைச்சா எவனுக்கு ஊறும்?" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

கடையை மதியமே சாத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டார். தோள் வலி, முட்டி வலி, எல்லா வலியும். சஹருக்கு இரண்டு வாய்கூட இறங்கவில்லை. முரசில் பலமே இல்லை. கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

"நோன்புன்னா எல்லாரும் மெலிவாங்க. நீங்க சோம்பேறியாகிறீங்க" என்றேன்.

பதில் சொல்லவில்லை. இவர் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 11, செவ்வாய்

நோன்பு திறந்ததும் வாந்தி. வாழைப்பழமும் வெல்லமும் போட்டு நான் காய்ச்சிய கோலாக் அப்படியே வெளியே வந்தது.

காற்றுப் புகுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சட்டையைக் கழற்றச் சொல்லி, எண்ணெய் தடவி, நாணயத்தால் முதுகைச் சுரண்டினேன். ஆயிரம் தடவை செய்ததுதான். சிவப்பாகக் கோடு விழும், ஏப்பம் வரும், எழுந்து போய்விடுவார். இன்று கோடு சிவக்கவில்லை. கறுப்பு. மூன்றாவது இழுப்பில் தோல் ஈரக் காகிதம் மாதிரிக் கிழிந்தது. நான் அழுத்தவே இல்லை!

விளக்கைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். வயிற்றில் ஊதா நிறத்தில் பட்டை பட்டையாக வரி. கொழுப்பு வரி என்று நினைத்திருந்தேன். எனக்குப் பிரசவத்தில்கூட இப்படி விழவில்லை. கையும் காலும் குச்சி. முகம் மட்டும் பௌர்ணமி.

இப்படியா ஒரு மனுஷன் குண்டாவான்? நான் போட்ட சாப்பாடு கை காலுக்கு ஏன் போகல?

மார்ச் 12, புதன்

டாக்டர் ரத்ரி வீட்டுக்கே வந்துவிட்டாள். இரண்டாவது குழாய்களும் தரையோடு தரை. முகத்தைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்ன மருந்து சாப்பிடுறார்?"

"ஒண்ணும் இல்ல."

"ஆஸ்துமாவுக்கு? தோலுக்குக் களிம்பு? வலிக்கு ஊசி?"

"டாக்டரம்மா, இந்த வீட்டுல ஒரு தலைவலி மாத்திரை வாங்கினாக்கூட என் கணக்குல இருக்கும். மருந்துக் கடைக்கு ஒரு ரூபியா போகல. அல்லாஹ் மேல ஆணை."

இவரும் "ஆமா" என்று தலையாட்டினார். பொய் சொல்கிற முகமில்லை. எனக்குத் தெரியும், பொய் சொன்னால் இவர் காது சிவக்கும்.

வெள்ளிக்கிழமை இரத்தமும் பார்க்க வேண்டும், அதுவரை நோன்பு வேண்டாம், திரும்ப வாந்தி எடுத்தால் காத்திருக்காமல் உடனே கிளம்பி வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"முரசு அடிச்சு ஊரை எழுப்புறவனே நோன்பை விட்டா ஊர் என்ன பேசும்?" என்றார் இவர்.

நான் வற்புறுத்தவில்லை. ஏன்? எனக்கும் அதே ஊர்தானே.

மார்ச் 14, வெள்ளி

முரசு அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாங்கு சத்தத்தில்தான் எழுந்தேன். பாங்கு! சஹரே போச்சே என்றுதான் முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி. பக்கத்தில் இவர் இல்லை. வாசலில் செருப்புப் போட்டபடியே கிடந்தார். முரசு அடிக்கக் கிளம்பியிருக்கிறார். சட்டையெல்லாம் வேர்வை, உடம்பு ஐஸ். கூப்பிட்டா முனகுறார். என்னங்க, என்னங்கன்னு கத்தினேன்.

அதற்குள் கேட்டுக்கு வெளியே துமிரா.

"என்ன பார்தினி அக்கா, உங்க வீட்டு முரசு இன்னிக்கு லீவா? எங்க வீடு முழுக்க வெறும் வயித்துல நோன்பு! என் மாமியார் வேற வந்திருக்கு—"

கதவைத் திறந்தேன். பார்த்தாள். அப்படியே வீட்டுக்கு ஓடினாள். முரசுக்கே எழாத அவள் கணவரை எப்படி எழுப்பினாளோ, இரண்டு நிமிஷத்தில் அவருடைய காய்கறி வண்டி வாசலில் நின்றது. முட்டைக்கோசுக்கு நடுவில் இவரைப் படுக்க வைத்தோம்.

அவசரப் பிரிவில் ரத்த அழுத்தம் அளக்கக்கூட இல்லை என்றார்கள். டாக்டர் ரத்ரி ஓடி வந்தாள்.

"இப்பவாவது சொல்லுங்கம்மா. என்ன சாப்பிடுறார்?"

"ஒண்ணுமே இல்ல டாக்டரம்மா, சத்தியமா, அல்லாஹ்—"

"அக்கா, சத்தியம் பண்ணாதீங்க" என்றாள் துமிரா. "மூலிகை சாப்பிடுறாரே."

"என்ன மூலிகை?"

"அதான், ஹாஜி கடைல. மூட்டு வலிக்கு. காளை படம் போட்ட சிவப்புப் பொட்டலம். நானும்தான் முட்டிக்குச் சாப்பிடுறேன். ஹாஜி மக்கா போனதுலேர்ந்து ஸ்டாக் இல்ல, இவருக்குத் தீர்ந்திருக்கும்."

டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. உள்ளே திரும்பி ஏதோ சொன்னாள், ஊசி போட்டார்கள், உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள்.

யா அல்லாஹ், என்னிடம் வாங்கிக்கொள்ள வேண்டியது இருந்தால் என்னிடமே வாங்கிக்கொள். இவரைக் கணக்கில் சேர்க்காதே.

அதே நாள், மாலை அஸர் தொழுகைக்குப் பின்

எழுந்து உட்கார்ந்தார். முதல் வார்த்தை: "நோன்பு திறக்க நேரமாச்சா?"

அடிக்கலாம் போலிருந்தது. அழுதேன்.

மார்ச் 15, சனி

டாக்டர் விளக்கினாள். அந்தப் பொட்டலத்தில் மூலிகையோடு ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. வலி உடனே போகும், பசி எடுக்கும், முகம் உருளும். வெளியிலிருந்து அது தினமும் வருவதால் சுரப்பி இரண்டும் தங்களுக்கு இனி வேலையில்லை என்று தூங்கிவிடும். பிறகு திடீரென்று பொட்டலம் நின்றால், எழுப்ப உள்ளே யாருமில்லை. வெறும் வயிற்று நோன்பு வேறு. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால்... அந்த வாக்கியத்தை டாக்டர் முடிக்கவில்லை, நானும் எழுதவில்லை.

ஊரை எழுப்பப் போனவரின் உள்ளே முரசுக்காரன் இரண்டு வருஷமாகத் தூங்கியிருக்கிறான். எச்சில் அதைப் பத்து நாள் முன்பே சொல்லிவிட்டது. நாங்கள் அதைத் தண்ணி என்றோம்.

"மருந்து சாப்பிடுறீங்களான்னு எத்தனை தடவை கேட்டாங்க?" என்றேன் இவரிடம்.

"மருந்து எங்க சாப்பிட்டேன்? மருந்துன்னா டாக்டர் எழுதித் தர்றது. இது மூலிகை."

"எங்க வச்சிருந்தீங்க?"

"கடைலதான். ட்யூப் பெட்டிக்குப் பக்கத்துல. ஒளிச்செல்லாம் வைக்கல. நீ கேக்கல."

"காசு?"

"ஹாஜி வாங்க மாட்டார். என் மூஞ்சியே அவருக்கு விளம்பரமாம்."

காது சிவக்கவில்லை. நானும் தினம் காலையில் மஞ்சளும் புளியும் காய்ச்சிக் குடித்துவிட்டுத்தான் அந்தப் படிவத்தில் "இல்லை" என்று எழுதினேன். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

ஆனால் ஒன்று. இரண்டு வருஷமாக நான் வாங்கிக்கொண்ட பாராட்டெல்லாம் ஒரு சிவப்புப் பொட்டலத்துக்குச் சேர வேண்டியது. அதுதான் ஜீரணமாகவில்லை.

மார்ச் 17, திங்கள்

புது ஆபத்து. விஷயம் பரவிவிட்டது. துமிரா தன்னிடம் மிச்சமிருந்த பொட்டலங்களைப் பயந்துபோய்க் கோழிக்கூண்டுப் பக்கம் கொட்டிவிட்டாள். டாக்டரிடம் சொன்னதும் அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"சட்டுனு நிறுத்தக் கூடாதும்மா! ஐயாவுக்கு அதானே நடந்துச்சு! யார் யார் சாப்பிடுறாங்க, உடனே தெரியணும்."

வீடு வீடாகப் போனேன். யாருமே சாப்பிடுவதில்லையாம். ரமலானில், மக்காவில் இருக்கிற ஒரு ஹாஜியைப் பற்றிப் பேசுவது புறம் பேசுவதாகிவிடுமாம். ஏழு வீட்டில் எனக்கு மார்க்கம் சொல்லிக்கொடுத்தார்கள். ஏழாவது வீட்டுக்காரி சொல்லும்போதே அவள் கன்னமும் பளபளத்தது.

மார்ச் 18, செவ்வாய்

யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்று காலையில் பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. பிப்ரவரியிலேயே எல்லாரும் துப்பிவிட்டார்களே! முதல் தட்டு போக மிச்சக் குழாய்கள் ஆய்வுக்கூடத்தில் வரிசையில் காத்திருக்கின்றன. டாக்டருக்குப் போன் போட்டேன்.

"நானும் இப்பதான் அதை எடுக்கச் சொன்னேன்மா" என்றாள். இருக்கட்டும். நானும் சொன்னேன் என்று இங்கே பதிவு.

மார்ச் 20, வியாழன்

டாக்டர் பள்ளிவாசல் பின்கட்டுக்கு வந்தாள். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். நான் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எதுவும் காதில் விழவில்லை. கதவு கெட்டியானது, முயற்சி செய்தேன்.

தரையோடு தரையாக இருந்தவர்கள் நான்கு பேர். எல்லாருக்கும் மாத்திரை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் போகிறார்கள். துமிரா தானாகவே நான்கு விரலைக் காட்டித் தன்னைத் தொட்டுக்கொண்டாள். மற்றவர்கள் யார் என்று எழுத மாட்டேன். ஆனால் இமாமின் வீட்டில் காலை பத்து மணித் தூக்கம் இனிமேல் குறையலாம்.

அந்தத் தூக்கக்கார அக்கா வெளியே வந்து என் முன்னால் நின்றாள். நான் எழுந்தேன்.

"படிவத்துல பிஸ்மில்லாஹ் சொல்லிட்டு இல்லைன்னு எழுதினேன்டி" என்றாள்.

"நான் ஆணையே வச்சேன் அக்கா."

"அப்ப நீ என்னைவிட மோசம்" என்று சொல்லி என் தோளில் தட்டிவிட்டுப் போனாள். அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது போலிருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

ஹாஜி முக்தாரோம் ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டார். யாரோ மக்காவுக்கே செய்தி அனுப்பியிருக்கிறார்கள். பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீருமாக நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் மெலிந்து கிடப்பதைப் பார்த்துக் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"என் மூலிகையில கலப்படமா? அம்மா, பத்து வருஷமா ஒரே ஆள்கிட்ட வாங்குறேன். இஞ்சி, மஞ்சள், காட்டு மிளகு, அவ்ளோதான். நானே தினம் ரெண்டு சாப்பிடுறேன். என்னைப் பாருங்க!"

பார்த்தேன். உருண்டை முகம். கழுத்துக்குப் பின்னால் மேடு. நீட்டிய முழங்கையில் ஊதாக் கறை.

எனக்குத் திட்ட நிறைய இருந்தது. ஒன்பது நாளாக மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அதற்குப் பதில் உறைபெட்டி மேலிருந்து ஒரு காலிக் குழாயை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"துப்புங்க."

"என்னம்மா இது?"

"இஞ்சியும் மஞ்சளும்தான்னா இதுல ஒரு குறையும் வராது. நாளைக்குக் காலைல எழுந்ததும் துப்பிக் குடுங்க. சுத்தம்னா நான் தெருத்தெருவா போய் மன்னிப்புக் கேக்குறேன்."

"நான் ஒரு ஹாஜி. என்கிட்ட எச்சில் கேக்குறியா நீ?"

"ஹாஜிக்கும் அதே ரெண்டு தொப்பிதான் உள்ள இருக்கு."

கட்டிலிலிருந்து இவர் குரல்: "மாங்காயை நினைச்சுக்கோங்க ஹாஜி. நல்லா ஊறும்."

குழாயை எடுத்துக்கொண்டு போனார். ஆணவத்தில்தான் போனார். இருந்தாலும் எடுத்துக்கொண்டுதானே போனார்?

மார்ச் 27, வியாழன்

தரையோடு தரை. எங்கள் எல்லாரையும்விடக் கீழே.

டாக்டர் சொன்னபோது ஹாஜி நாற்காலியில் உட்கார்ந்தார், வெகுநேரம் எழவில்லை. வெற்றி என்று நினைத்திருந்தேன். வெற்றி மாதிரி இல்லை. ஒரு கிழவருக்குத் தான் எதைத் தின்று, எதை விற்றோம் என்று தெரிந்த மாதிரிதான் இருந்தது.

மாலையில் தன் கடையில் இருந்த சிவப்புப் பெட்டிகளைத் தானே சைக்கிளில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். விற்ற ஆளின் போன் நம்பரையும், யார் யாருக்குக் கொடுத்தார் என்பதையும் சொன்னாராம். வழியில் சைக்கிள் பஞ்சர். எங்கள் கடை பூட்டியிருந்தது. தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்கும் நாள். ஹாஜி வந்தார். இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் தென்னோலையில் வேகவைத்த கெத்துப்பாத்துச் சோறும் தேங்காய்ப்பால் கோழியும் வைத்தேன். ஹாஜிக்குக் கோழிக்கால் வைக்கவில்லை. கழுத்து வைத்தேன். அதுவரைக்கும்தான் என்னால் முடிந்தது.

நேற்று ராத்திரி பெருநாள் முரசை வேறு யாரோ அடித்தார்கள். இவர் படுக்கையிலேயே போர்வை மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 19, சனி

மாத்திரை ஒரு படி குறைத்தார்கள். வலி திரும்பிவிட்டது. நிஜ வலி, இத்தனை நாள் மூடி வைத்திருந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். முனகுகிறார், என்னைத் திட்டுகிறார். பதில் சொல்கிறார்! அல்ஹம்துலில்லாஹ்.

விட்ட நோன்புகளுக்கு ஏழைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். அரிசி அளந்து வைத்துவிட்டேன். அல்லாஹ் மன்னிப்பவன், ஆனால் நான் கூட்டிச் சரிபார்ப்பவள்.

மே 24, சனி

சந்தையில் ஒருத்தி: "என்னக்கா, வீட்டுக்காரர் இப்படி இளைச்சுட்டார்? சோறு போடுறதில்லையா?"

நேரே வந்து இவரிடம் சொன்னேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கன்னத்தில் எலும்பு தெரிகிறது. கல்யாணத்தன்று பார்த்த அதே எலும்பு. மறந்தே போயிருந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் சொன்னபடி நேற்று மாத்திரையை நிறுத்தி வைத்து, இன்று காலை குழாயில் எடுத்தோம். மாங்காய் நடிப்புக்குத் தயாராக எதிரே உட்கார்ந்தேன். வேண்டியிருக்கவில்லை. நான் எழுப்பாமல் தானே எழுந்து உட்கார்ந்திருந்தார். குனிந்தார். ஊறியது.

குழாயோடு டாக்டருக்கு அனுப்பிய சீட்டை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

டாக்டரம்மாவுக்கு, சலாம். இது வர்தோயோவின் காலை எச்சில். தண்ணீர் கலக்கவில்லை. மருந்தும் மூலிகையும் சாப்பிடவில்லை. நான் குடிக்கும் மஞ்சள் புளிகூட இவருக்குக் கொடுப்பதில்லை. வியாழன் இரவு ஹஜ்ஜுப் பெருநாள் முரசு. யாருக்கும் தெரியாமல் குச்சிகளுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார், எனக்குத் தெரியும். உள்ளே இருப்பவன் எழுந்துவிட்டானா, இவர் முரசு அடிக்கலாமா, கூடாதா? எதுவானாலும் வியாழனுக்குள் தெரிய வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.